இரண்டு ரூபாய் டாக்டரும் மூன்று கோடி டாக்டரும்

சென்ற மாதம் ஆரணிக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் இரண்டு நாள். ஒரு காலத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே இரண்டு பக்கமும் தறிச் சத்தம் காதை அடைக்கும். இப்போது அக்கா வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று. மற்ற வீடுகளில் டி.வி. சத்தம்தான். அத்தானுக்கு முழங்கால் வலி. ஆனாலும் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். போனிலிருந்து தலையைத் தூக்காத பிள்ளையின் கையில் அன்றைக்குப் புத்தகம்! எனக்கே பயமாகிவிட்டது.

"எப்பப் பார்த்தாலும் இரும்புக்கை மாயாவியையே பேசிக்கிட்டு இருக்கீங்களே மாமா, இதைப் படிங்க" என்று ஒரு தடித்த காமிக்ஸைத் தூக்கிப் போட்டான். 'பிளாக் ஜாக்'. ஜப்பான்காரர்களின் 'மாங்கா' வகை. இங்கிலீஷில் மொழிபெயர்த்தது.

வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகிறான். அப்புறம் ஆபரேஷன் நடக்கிறது. அதற்கப்புறம் அவனுக்கு அடிபடுகிறது! 'இது என்னடா, டாக்டரிடம் போனதால் ஆளுக்கு அடிபடுகிறதே... நம்ம ஊர்க் கதை மாதிரி இருக்கே' என்று நினைத்தேன். "மாமா, அதை வலது பக்கத்திலிருந்து படிக்கணும்" என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

திருப்பிப் படித்தேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

பிளாக் ஜாக் ஓர் அறுவை சிகிச்சை நிபுணன். உலகத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் டாக்டர் தொழில் செய்ய அவனிடம் லைசென்ஸ் கிடையாது. பாதி தலைமுடி கறுப்பு, பாதி வெள்ளை. முகத்தின் குறுக்கே தையல் தழும்பு. தழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம். சின்ன வயதில் ஒரு வெடிவிபத்தில் சிதறிப்போன பையன் அவன். ஹோன்மா என்ற டாக்டர் ஒட்டிச் சேர்த்துப் பிழைக்க வைத்தார். முகத்துக்குத் தோல் கொடுத்தவன் கறுப்பினத் தகப்பனுக்குப் பிறந்த பள்ளிக்கூடத் தோழன். வளர்ந்த பிறகு அதை மாற்றிக்கொள்ள அவனுக்கு ஒரு மணி நேரம் போதும். மாற்றமாட்டேன் என்கிறான். நண்பன் கொடுத்ததாயிற்றே.

எல்லாம் சரி, ஃபீஸ்? அங்கேதான் விஷயம். மூன்று கோடி யென், ஐந்து கோடி யென் என்று கூசாமல் கேட்பான். மூன்று கோடி யென் என்றால் இன்றைய கணக்கில் நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல்.

இவனைப் படைத்தவர் ஒஸாமு தெஸூகா. 1928ல் பிறந்தவர். ஜப்பானில் அவரை மாங்காவின் கடவுள் என்பார்கள். 'ஆஸ்ட்ரோ பாய்' அவருடையது. புத்தரின் வாழ்க்கையைப் படக்கதையாகப் பல பாகங்கள் வரைந்தவரும் அவர்தான். மனிதர் உண்மையிலேயே மருத்துவம் படித்தவர். தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர். நத்தையின் உயிரணுக்களை ஆராய்ந்து 1961ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆனால் வைத்தியத்தைத் தொழிலாகச் செய்யவில்லை. லைசென்ஸ் இருந்தும் தொழில் செய்யாதவர், லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்கிறவனைக் கதாநாயகன் ஆக்கினார். ஏதோ ஒரு கடனைத் தீர்த்த மாதிரி!

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. 'பிளாக் ஜாக்' ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கியது 1973 நவம்பரில். அதே 1973ல்தான் தெஸூகா ஆரம்பித்த கார்ட்டூன் பட கம்பெனி திவாலானது. இவர் கதை முடிந்தது என்று தொழிலில் எல்லாரும் பேசிக்கொண்ட நேரம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தத் தகவலைத் தாண்டிப் போக முடியவில்லை. கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது ஒரு மனிதர் உட்கார்ந்து, கோடிக்கணக்கில் பில் போடும் டாக்டரைப் பற்றி எழுதுகிறார் என்றால், அது சும்மா வந்த கற்பனையாக இருக்காது.

1978 வரை வாராவாரம், பிறகு 1983 வரை அவ்வப்போது, சுமார் 240 கதைகள். பெரும்பாலும் இருபது பக்கங்களுக்குள் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் ஆகிவிடும். வாரம் ஒரு பக்கம் எழுதுவதற்கே நகத்தைக் கடிக்கிற என்னைப் போன்றவர்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டிய விஷயம். முகங்களை கார்ட்டூன் மாதிரி உருண்டையாக வரைகிறார். ஆனால் வயிற்றைத் திறந்துவிட்டால் உள்ளே குடலும் ஈரலும் மருத்துவக் கல்லூரிப் பாடப் புத்தகம்தான். நாகேஷும் வி.கே.ராமசாமியும் படத்துக்குப் படம் வேறு வேஷத்தில் வருவார்களே, அதுபோலத் தன்னுடைய பழைய பாத்திரங்களையே கதைக்குக் கதை வேறு ஆளாக நடிக்க வைக்கிறார்.

முதல் கதையே ஆரணிக்காரனுக்கு உறைக்கிற கதை. ஊரையே கையில் வைத்திருக்கும் பணக்காரர். அவருடைய அடங்காப்பிடாரி மகன் கார் விபத்தில் நொறுங்கிப் போகிறான். வேறு ஒருவனின் உடம்பு கிடைத்தால்தான் பிழைப்பான். அப்பாவித் தையல்காரப் பையன் ஒருவன்மேல் பொய்க் குற்றம் சாட்டி, மரண தண்டனையும் வாங்கிக் கொடுத்து, உடம்பைக் கொண்டுவந்து போடுகிறார் அப்பா. பிளாக் ஜாக் பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறான். சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் பணக்கார மகன் எழுந்து உட்காருகிறான். முகம் மட்டும்தான் மகனுடையது. உள்ளே இருப்பது தையல்காரப் பையன்! வாங்கிய பணத்தை அவன் கையிலேயே கொடுத்து, அம்மாவோடு வெளிநாட்டுக்கு ஓடிப்போகச் சொல்லிவிடுகிறான் டாக்டர்.

இந்த இடத்தில் நம்ம ஊர் தியேட்டராக இருந்தால் விசில் பறக்கும். இல்லையா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் சினிமாவில் இப்படி ஒரு டாக்டர் வரவே மாட்டார். 'ரமணா' (2002) படத்தில் செத்தவனுக்கு வைத்தியம் பார்த்துக் காசு பறித்தார்கள். 'மெர்சல்' (2017) படத்தில் விஜய் அஞ்சு ரூபாய் டாக்டர். கெட்ட டாக்டர்களைப் பழி வாங்குகிற வேலையை இன்னொரு விஜய் பார்த்துக்கொள்கிறார். நமக்குக் கணக்கு எளிது. அதிகம் வாங்கினால் கெட்ட டாக்டர். வாங்காவிட்டால் தெய்வம்.

நாம் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிஜத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். சென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம். இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, பிறகு ஐந்து ரூபாய் வாங்கினார். 'மெர்சல்' வந்தபோது பலருக்கு அவர் ஞாபகம் வந்தது. 2020 ஆகஸ்ட்டில் அவர் இறந்தபோது வியாசர்பாடியே அழுதது. அவர் தொழிலைத் தொடங்கிய வருஷம் எது தெரியுமா? 1973. டோக்கியோவில் பிளாக் ஜாக் காகிதத்தில் கத்தியை எடுத்த அதே வருஷம்.

இரண்டு ரூபாய் டாக்டர், மூன்று கோடி டாக்டர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரும் புதிரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு ரூபாய் என்பது வைத்தியத்தின் விலையா? இல்லை. ஊசிக்குக்கூடக் கட்டாது. 'நான் ஓசியில் பார்க்கவில்லை, காசு கொடுத்துத்தான் பார்த்தேன்' என்று கை வண்டி இழுக்கிறவரும் தலை நிமிர்ந்து போவதற்கான தொகை அது. மூன்று கோடி விலையா? அதுவும் இல்லை. 'இந்த உயிர் உனக்கு எவ்வளவு முக்கியம், சொல்லு பார்ப்போம்' என்கிற கேள்வி. பதில் சரியாக வந்துவிட்டால் பல கதைகளில் பிளாக் ஜாக் பணத்தை வாங்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

இதற்கு உச்சம் ஒரு பாட்டியின் கதை. மகன், மருமகளிடம் நொய் நொய் என்று காசு கேட்டுக்கொண்டே இருக்கும் கிழவி. எதற்குக் கேட்டாலும் கை நீட்டுகிறாள். மருமகளுக்கு எரிச்சல். மகனுக்கு அவமானம். கடைசியில்தான் தெரிகிறது. மகன் குழந்தையாக இருந்தபோது அவனைச் சாவிலிருந்து மீட்ட ஒரு டாக்டருக்கு, அந்தப் பெரிய ஃபீஸை வருஷக்கணக்காகத் தவணையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. கடைசித் தவணையைக் கட்டிவிட்டுத் திரும்புகிறவள் விழுந்துவிடுகிறாள். பிளாக் ஜாக் மகனிடம் போய் ஒரு பயங்கரத் தொகையைச் சொல்கிறான். பிழைப்பாள் என்று உறுதி இல்லை என்றும் சொல்கிறான். ஆயுசு முழுக்க உழைத்தாவது கட்டிவிடுகிறேன் என்கிறான் மகன். டாக்டர் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் தூங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1992. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். தறி நெய்கிற வீட்டில் எங்கே பணம்? பாவும் சரிகையும் கொடுக்கிற முதலாளியிடம் 18,000 ரூபாய் கடன். ரெண்டு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாசம் இரண்டு ரூபாய். புடவைக்கு 150 ரூபாய் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். மாசம் நாலு புடவை, 600 ரூபாய். அப்பா குழியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் முதல் வருஷம் முழுக்க அம்மாதான் நெய்தாள். ராத்திரி தூக்கத்தில் புரண்டு படுத்தால் தறிச் சத்தம் கேட்கும். அது எனக்குத் தாலாட்டு மாதிரி. அது அம்மாவின் முதுகு வலி என்று அப்போது தெரியாது.

1998ல் நான் பி.காம். முதல் வருஷம். அந்த வருஷக் கடைசியில்தான் கடன் முடிந்தது. படித்த படிப்பைக் காட்ட வேண்டாமா? அம்மாவின் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்று போட்டால், நாலு வருஷத்துக்குள் கடன் தீர்ந்திருக்கிறது. முதலாளி வீட்டில் கடைசி வரைக்கும் முழு 18,000க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். அதனால் ஆறே கால் வருஷம். மொத்தம் கட்டியது 45,000. கட்டியிருக்க வேண்டியது 28,000க்குள். 17,000 அதிகம். அதாவது ஏறக்குறைய இன்னொரு ஆபரேஷன்!

"நாம ஏமாந்துட்டோம்மா" என்றேன்.

அம்மா தார் சுற்றிக்கொண்டே, "அப்பா உள்ள தூங்கறாரு இல்ல? மெதுவா பேசு" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். 2014ல்தான் போனார். அம்மாவின் கணக்கில் லாபம்.

ஆகவே அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். தெஸூகா ஜப்பானில் உட்கார்ந்து எங்கள் தெருவைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தக் கதையோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. பிளாக் ஜாக்கின் பில் ஒரு பரீட்சை. மனசு பாஸானால் போதும், பில்லைக் கிழித்துவிடலாம். எங்கள் தெருவில் யாரும் யாருடைய மனசையும் சோதிக்கவில்லை. எல்லாரும் பாஸ்தான்! ஆனால் பில்லை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. அன்பு உண்மை. வட்டியும் உண்மை. அன்பைக் காட்டி வட்டியை மறைத்துவிடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

இன்னொரு சண்டை, அந்த லைசென்ஸ். டோக்கியோ வாசகனுக்கு லைசென்ஸ் இல்லாத டாக்டர் என்றால் புரட்சிக்காரன். நம் ஊரில் அவர் பெயர் போலி டாக்டர். மருந்துக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, எந்த வலி என்றாலும் ஊசி போடுகிறவர். இன்றைக்கும் மாதத்துக்கு நாலு பேரையாவது கைது செய்ததாகப் பேப்பரில் செய்தி வருகிறது. லைசென்ஸ் என்பது சும்மா ஒரு காகிதம்தானே என்று சொல்வதற்கு நமக்கு வசதி போதாது.

தெஸூகாவுக்கே இது தெரிந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். அவனை ஒட்டிச் சேர்த்த ஹோன்மா டாக்டர், அந்த ஆபரேஷனில் ஒரு கத்தியைப் பையனின் உடம்புக்குள்ளேயே மறந்து வைத்துத் தைத்துவிடுகிறார். வெளியே சொல்லப் பயம். ஏழு வருஷம் கழித்து, பரிசோதனை என்று சாக்குச் சொல்லித் திறந்து பார்த்தால், உடம்பு அந்தக் கத்தியைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தால் உறை போட்டு வைத்திருக்கிறது, முத்துச் சிப்பி மாதிரி. டாக்டர் செய்த தப்பை நோயாளியின் உடம்பு மன்னித்துவிட்டது! சாகும் நேரத்தில் அந்த உறையைத்தான் பிளாக் ஜாக்குக்கு அனுப்பி வைக்கிறார் ஹோன்மா. ஓடிவந்து ஆபரேஷன் செய்கிறான். தப்பு எதுவும் இல்லாத ஆபரேஷன். ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. இத்தனை பெரிய சூரனுக்கு அவன் மிகவும் நேசித்த ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. மேதையைக் கும்பிட வைக்கிற கதை இல்லை இது. மேதைக்கும் ஓர் எல்லை உண்டு என்று சொல்கிற கதை. மொத்தத் தொகுப்பிலும் எனக்கு இதுதான் முதல் இடம்.

குறைகளும் உண்டு. ஒரு காட்டில் கண்ணாடி பார்த்துக்கொண்டு தன் வயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறான். கம்ப்யூட்டருக்குக்கூட ஆபரேஷன் செய்கிறான். நம்ம ஊர் ஹீரோ தோட்டாவைக் கையால் பிடிப்பதைப் பொறுத்துக்கொண்ட நமக்கு இதெல்லாம் பெரிதில்லை. ஆனால் அவன் உருவாக்கி வளர்க்கும் பினோகோ என்கிற குழந்தை தன்னை அவன் மனைவி என்று சொல்லிக்கொள்வதைச் சிரித்துக்கொண்டு கடக்க எனக்கு முடியவில்லை. சில கதைகளைத் தொகுப்பில் சேர்க்காமலே விட்டிருக்கிறார்கள். தெஸூகா 1989ல் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார், 60 வயதில். அவரே படைத்த டாக்டர் அவருக்கு உதவிக்கு வர முடியவில்லை.

சரி, இரண்டு ரூபாய்க்கும் மூன்று கோடிக்கும் நடுவில், அம்மா கட்டின 45,000 ரூபாய்க்கு யார் பதில் சொல்வது?

மதுரையில் ஒருவர் சொன்னார். டாக்டர் ஜி.வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கண் மருத்துவர். அந்தக் கோணல் விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கான கண் ஆபரேஷன்கள் செய்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். அதில் மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்ப்போம். பிளாக் ஜாக் பணக்காரனிடம் வாங்கி ஏழையை விட்டுவிடுகிறானே, அதே கணக்குதான். வித்தியாசம் ஒன்றுதான். பிளாக் ஜாக் யாருக்கு எவ்வளவு என்பதை மனசுக்குள் போடுகிறான். வெங்கடசாமி அதை லெட்ஜரில் போட்டார். அவன் செத்தால் அவனோடு போய்விடும். இவர் 2006ல் போன பிறகும் அந்த லெட்ஜர் ஓடுகிறது. இதைப் படக்கதையாக யாரும் வரையமாட்டார்கள். தழும்பும் இல்லை, கறுப்புக் கோட்டும் இல்லை. வரிசையில் நின்று சீட்டு வாங்குவதில் என்ன சுவாரஸ்யம்? ஆனால் எங்கள் தெருவுக்குத் தேவை அந்த வரிசைதான்.

மேதைகளைக் கதைகளில் வைத்துக்கொள்வோம். அதற்கு 'பிளாக் ஜாக்' போல ஒன்று கிடைப்பது கஷ்டம். இங்கிலீஷில் 17 தொகுதிகள். பழைய புத்தகக் கடையில் ஒன்று கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அம்மாவுக்கு அந்தப் பாட்டி கதையைத் தமிழில் சொன்னேன். இப்போதும் அக்கா வீட்டில் தார் சுற்றிக் கொடுப்பது அம்மாதான். ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள்.

"கட்டி முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டாம்மா."

ராட்டை இரண்டு சுற்றுச் சுற்றியது.

"வட்டி எவ்வளவாம்?"

புத்தகத்தை வாங்கித் திரும்பப் புரட்டிப் பார்த்தேன், வலமிருந்து இடமாக. அதைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை.